ஆள் தேவை: மாமா டைரக்டராக இருத்தல் நலம்

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷைர் பக்கம் மார்க்கெட் டிரேட்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு வக்கீலுக்கு ஒரு பையன். மாதா கோவில் கோபுரத்தில் விறுவிறுவென்று ஏறி, உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் பூதத்தின் மேல் உட்கார்ந்து ஊருக்கே வயிற்றைக் கலக்கினான். சரி, கீழே இறங்கியாவது சும்மா இருந்தானா? ஒரு செட்டு சேர்த்துக்கொண்டு கடைக்காரர்களிடம் மாமூல் வசூலித்தான் என்கிறது ஊர்க்கதை. காசு வந்தால் கடைக் கண்ணாடி பிழைக்கும். ஒவ்வொரு பள்ளிக்கூடமாக மாற்றிப் பார்த்தார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் அவனைத் திருப்பிக் கேட்கவில்லை.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ரிச்சர்ட் கிளைவ் என்ற அந்த அப்பா ரொம்ப யோசிக்கவில்லை. ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். கம்பெனி பெரியது என்பது ஒரு காரணம். ஆபீஸ் ஆறு மாதக் கப்பல் தூரத்தில் இருந்தது என்பது இன்னும் நல்ல காரணம்.

அந்த நிறுவனம்தான் கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தப் பெயரைச் சொன்னதும் பாடப் புத்தகங்களில் ஒரே பீரங்கிப் புகையாக இருக்கும். லண்டன் லெடன்ஹால் தெருவில் சில மகா மேதைகள் வரைபடத்தை விரித்துவைத்து, 'முதலில் ஆற்காடு, அப்புறம் வங்காளம், டில்லியைத் தீபாவளிக்குள் முடித்துவிடலாம்' என்று திட்டம் போட்டது போல ஒரு பிரமை நமக்கு. ஐயா, அவர்கள் ஆள் எடுத்த லட்சணத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அப்புறம் பிரமிப்போம்.

கம்பெனிக்கு 24 டைரக்டர்கள். இந்தியாவுக்கு இந்த வருஷம் இத்தனை ரைட்டர்கள் தேவை என்று கணக்கு வரும். (நாவல் எழுதுகிற ரைட்டர் இல்லை. நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எழுத ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, ஏறக்குறைய அந்த வகை.) அந்த இடங்களை டைரக்டர்கள், பந்தியில் லட்டு வைப்பதுபோல, ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக்கொள்வார்கள். சேர்மன் இலையில் இரண்டு பங்கு. டைரக்டர் பதவிக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த நாற்காலிக்கு லண்டனில் பணக்காரர்கள் முட்டி மோதினார்கள். சேவை மனப்பான்மை என்று நினைத்தீர்களானால் நீங்கள் ரொம்ப நல்லவர்.

தகுதி என்ன கேட்டார்கள்? வயது பதினாறு, பதினேழு இருந்தால் போதும். கையெழுத்து புரிய வேண்டும். கணக்கு போடத் தெரியும் என்று யாராவது ஒரு வாத்தியார் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜாமீன் கையெழுத்துப் போட வசதியான ஆள் வேண்டும். தமிழ், தெலுங்கு, பாரசீகம்? மூச். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது? அது கப்பல்காரனுக்குத் தெரிந்தால் போதாதா! இத்தனைக்கும் மேலே ஒரு டைரக்டர் தலையாட்ட வேண்டும். அவர் ஆட்டிவிட்டால் மேலே சொன்ன எதுவும் அவ்வளவு முக்கியமில்லை.

இன்டர்வியூ எப்படி நடந்தது என்பதை வில்லியம் ஹிக்கி என்ற மகானுபாவர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அப்பாவின் ஆபீஸ் பணத்தில் கைவைத்து ஜாலியாகச் சுற்றிய பிள்ளை. அதாவது கம்பெனிக்கு வேண்டிய முன் அனுபவம் உள்ளவர். 1768-இல் ராணுவ கேடட் வேலைக்காக உள்ளே போகிறார். கணப்பு அடுப்பு ஓரமாக மூன்று கிழவர்கள். வயது என்ன என்றார்கள். சொன்னார். ராணுவத்தில் இருந்திருக்கிறாயா என்றார்கள். இல்லை என்றார். துப்பாக்கிப் பயிற்சி தெரியுமா? தெரியாது. அப்படியானால் கற்றுக்கொள்ள வேண்டும். நிபந்தனைகள் தெரியுமல்லவா, சம்மதம்தானே? சம்மதம். செலக்டட்!

இன்றைக்கு ஒரு டெலிவரி கம்பெனியில் சேர்வதற்கே நாலு ரவுண்டு வைக்கிறார்கள். ஒரு தேசத்தைப் பிடிக்கப் போகிறவனுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தச் செலக்‌ஷனின் பலனையும் கேளுங்கள். 1769-இல் ஹிக்கி 'பிளாசி' என்ற கப்பலில் ஜம்மென்று மதராஸ் வந்து இறங்கினார். ஊரைப் பார்த்தார். வரும்படியைக் கணக்குப் பார்த்தார். வந்த கப்பலிலேயே ஏறி, அது சரக்கு எடுக்கப் போன சீனாவுக்கும் போய் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, லண்டனுக்கே திரும்பிவிட்டார். சேர்ந்த முதல் வாரம் ஐ.டி. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மாயமாகும் பையன்களைப் பார்த்து எச்.ஆர். மேனேஜர்கள் இன்றைக்குப் புலம்புகிறார்கள். அவர்களாவது கம்பெனி செலவில் சீனா பார்ப்பதில்லை.

டைரக்டர் மாமா இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? வேறென்ன, காசு கொடுத்தார்கள். ரைட்டர் வேலை ஒன்று வேண்டும், நல்ல தொகை தரப்படும், ரகசியம் காக்கப்படும் என்கிற பாணியில் லண்டன் பத்திரிகைகளில் விளம்பரமே வந்தது. புரோக்கர்கள் இருந்தார்கள், கமிஷன் இருந்தது, ரேட்டு இருந்தது. 1809-இல் நாடாளுமன்றம் ஒரு விசாரணைக் குழு போட்டுத் தோண்டியபோது கிளம்பிய பூதங்களைக் கண்டு லண்டனே வாய் பிளந்தது. விளம்பரத்தைத் தினமும் பேப்பரில் படித்துக்கொண்டிருந்த அதே லண்டன்தான்.

இதில் உச்சக்கட்டம் கேஸல்ரே பிரபு. கம்பெனியைக் கண்காணிக்கிற அரசாங்கக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். தன் பங்குக்கு வந்த ஒரு ரைட்டர் வேலையைக் கொடுத்து, நண்பர் ஒருவருக்கு எம்.பி. சீட் வாங்கப் பேரம் பேசினார். பேரம் படியவில்லை, ஆனால் விஷயம் வெளியே வந்துவிட்டது. 1809 ஏப்ரலில் சபையில் கண்டனத் தீர்மானம். நீண்ட விவாதம். கடைசியில் வியாபாரம்தான் முடியவே இல்லையே, அப்புறம் என்ன குற்றம் என்கிற ரீதியில் ஆளை விட்டுவிட்டார்கள். பிற்பாடு அவர் வெளியுறவு மந்திரியாகி, நெப்போலியன் போன பிறகு ஐரோப்பாவையே பங்கு பிரித்துக் கொடுத்தார். பிரித்துக் கொடுப்பதில் கைராசிக்காரர்.

நம் கோபுரப் பையனுக்கு வருவோம். 1743-இல் 'வின்செஸ்டர்' கப்பலில் ராபர்ட் கிளைவை ஏற்றிவிட்டார்கள். கப்பல் நேராக மதராஸ் வரவேண்டும். அது பிரேசில் கரையில் தரைதட்டி மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. கையில் இருந்த காசெல்லாம் காலி. கேப்டனிடம் கடன் வேறு. ஒரே லாபம், பொழுது போகாமல் கொஞ்சம் போர்ச்சுகீசியம் கற்றுக்கொண்டான். அன்றைக்கு மதராஸ் கடற்கரைப் புழக்கத்தில் ஆங்கிலத்தைவிட நன்றாகச் செலாவணியான பாஷை அதுதான். கம்பெனி கொடுக்காத டிரெய்னிங்கை ஒரு மணல்திட்டு கொடுத்தது.

1744 ஜூனில் ஒருவழியாக வந்து சேர்ந்தான். கையில் ஒரு சிபாரிசுக் கடிதம். அதை வாங்கிக்கொண்டு பையனைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெரிய மனிதர் ஏற்கெனவே ஊருக்குக் கப்பலேறிவிட்டார். ஆன்போர்டிங் என்றால் இது. டெஸ்க் இல்லை, துணைக்கு ஒரு 'பட்டி' (buddy) இல்லை, மேனேஜர் லீவில்.

சம்பளத்தைக் கேட்டால் சிரிக்கக்கூடாது. வருஷத்துக்கு 5 பவுண்டு. மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு! ஐந்து வருஷம் ரைட்டராகக் குப்பை கொட்டினால் ஃபாக்டர் ஆகலாம். அப்புறம் ஜூனியர் மெர்ச்சன்ட், சீனியர் மெர்ச்சன்ட். திறமைக்கு ஏற்ற பதவி உயர்வெல்லாம் கிடையாது. சீனியாரிட்டிதான். உயிரோடு இருந்தால் மேலே போகலாம். மதராஸ் வெயிலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து அந்தப் போட்டியைக் கணிசமாகக் குறைத்துக் கொடுத்தன.

புதிதாக இறங்குகிறவர்களை வெள்ளைக்காரர்கள் 'கிரிஃபின்' என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். ஒரு வருஷம் முடிகிறவரை அந்தப் பட்டம் போகாது. ஆனால் உண்மையான இன்டக்‌ஷன் புரோகிராமை நடத்தியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கடற்கரையில் காத்திருந்தார்கள்.

மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து மசூலா படகில் ஏறி, அலையில் புரண்டு, தொப்பி ஒரு பக்கம் பூட்ஸ் ஒரு பக்கமாக ராஜப் பிரதிநிதி கரைசேருவார். நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக, கும்பிட்ட கையோடு துபாஷ், அதாவது இரண்டு பாஷை தெரிந்த உள்ளூர்த் தரகர், நிற்பார். வீடு வேண்டுமா? இதோ. சமையல்காரன்? இதோ. பல்லக்கு? இதோ. பணம் இல்லையா? அதனால் என்ன துரை, நான் தருகிறேன்! 5 பவுண்டு சம்பளக்காரன் அன்று சாயங்காலமே பல்லக்கில் போவான். வட்டி எவ்வளவு என்று கேட்கிற அளவுக்கு அவனுக்குக் கணக்குத் தெரியாது. (அதற்குத்தான் சர்டிஃபிகேட் வாங்கினார்களே என்று கேட்காதீர்கள்.)

கம்பெனி ரைட்டரை வேலைக்கு எடுத்தது. துபாஷ் அந்த ரைட்டரை வேலைக்கு எடுத்தார். துரையின் பெயரில் துபாஷ் வியாபாரம் செய்வார், துபாஷின் காசில் துரை வாழ்வார். யார் யாருக்கு முதலாளி என்பது கடைசிவரை இரண்டு பேருக்கும் சௌகரியமாகக் குழப்பமாகவே இருந்தது.

எல்லாருக்கும் நல்ல துபாஷ் வாய்க்கவில்லை. 1780-இல் பதினெட்டு வயதில் கேடட்டாக வந்திறங்கினார் தாமஸ் மன்றோ. ரொம்பப் பணிவான, பார்க்கப் பெரிய மனிதர் போன்ற ஒருவர் நற்சான்றுக் கடிதங்களோடு வந்து வேலைக்காரராகச் சேர்ந்தார். துரை கொண்டுவந்த துணியெல்லாம் இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது என்று விளக்கினார். நல்லதாக மாற்றி வாங்கி வருகிறேன் என்று துணிமணிகளையும் கையில் இருந்த பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். போட்டிருந்த ஒரே உடுப்போடு மன்றோ நின்றார்.

இந்த மன்றோ பிற்பாடு மதராஸ் கவர்னர் ஆகி, தீவுத்திடல் பக்கம் இன்றும் குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை என்பது சென்னைவாசிகளுக்குத் தெரிந்ததே. சிற்பி மறந்துவிட்டார் என்று ஒரு கதை ஊரில் உலவுகிறது. எனக்கென்னவோ அந்தப் பணிவான ஆள்மேல்தான் சந்தேகம்.

சரி, கம்பெனி தன் பங்குக்கு ஒன்றுமே சொல்லித் தரவில்லையா என்றால், சொன்னது. நிறையவே சொன்னது. 1678-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் ஒரு நடத்தை விதித் தொகுப்பு போட்டார். பிரார்த்தனைக்கு வராவிட்டால் அபராதம். ராத்திரி நேரம் கழித்து ஊர் சுற்றினால் தண்டனை. கோட்டைச் சுவர் ஏறிக் குதித்தால் விலங்கு மாட்டி, கப்பல் வந்ததும் இங்கிலாந்துக்குப் பார்சல். சுவர் ஏறிக் குதிப்பதைத் தனி விதியாக எழுதியிருக்கிறார்கள் என்றால், எத்தனை பேர் குதித்திருக்க வேண்டும்!

குடிப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஒருவர் ஒரே அமர்வில் அரை பைன்ட் சாராயம் அல்லது பிராந்தி, கூடவே ஒரு குவார்ட் ஒயின், அதற்குமேல் தொடக்கூடாது. நம் டாஸ்மாக் பாஷையில் ஒரு குவார்ட்டருக்கு மேலேயே பிராந்தி. அதன்மேல் சுமார் ஒரு லிட்டர் ஒயின். இது கட்டுப்பாடு! மீறினால் ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரருக்கும் அபராதம், குடித்தவர்களுக்கும் அபராதம். கட்டுப்பாடு வருவதற்கு முன்னால் எவ்வளவு குடித்தார்கள் என்று கற்பனை செய்யவே தள்ளாடுகிறது. இவ்வளவு ஒழுக்கம் போதித்த மாஸ்டரை மூன்றே வருஷத்தில், 1681-இல், கம்பெனி வேலையை விட்டுத் தூக்கியது.

இளம் கிளைவுக்கும் ஒழுங்கு நடவடிக்கை வந்தது. மேலதிகாரியான செக்ரட்டரியிடம் எடக்காகப் பேசிவிட்டான். போய் மன்னிப்புக் கேள் என்று கவர்னர் உத்தரவு. போனான், கேட்டான். செக்ரட்டரிக்கு மனசு இளகிவிட்டது. போகட்டும் தம்பி, சாப்பிட வா என்றார். மன்னிப்புக் கேட்கச் சொல்லித்தான் கவர்னர் உத்தரவு, உங்களோடு சாப்பிடச் சொல்லி இல்லையே என்று கிளைவ் பதில் சொன்னதாகக் கதை. இன்றைய கம்பெனிப் பாஷையில் இவனுக்கு 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் தேவைப்படுகிறது' என்று எழுதுவார்கள்.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்துக்கொள்ள, உள்ளூர் ஆள் வேஷம் போட்டுக் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஓடினான். அங்கே கணக்குப் பேரேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ராணுவத்துக்கு மாறிக்கொண்டான். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் உருப்படாத ஒருவனை டிபார்ட்மென்ட் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? ஆற்காடு ஆகும், அப்புறம் பிளாசி ஆகும். தப்பான வேலைக்குத் தப்பான ஆளை எடுத்த கம்பெனிக்கு, இரண்டு தப்பும் சேர்ந்து ஒரு சாம்ராஜ்யம் கிடைத்தது.

கிளைவ் ஒரு விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எலிஹு யேலைப் பாருங்கள். அமெரிக்காவில் பாஸ்டனில் பிறந்தவர். 1672-இல் மதராஸுக்கு ரைட்டராக வந்தார். கோட்டைக்குள் புதிதாகக் கட்டிய செயின்ட் மேரி சர்ச்சில் 1680-இல் நடந்த முதல் கல்யாணம் இவருடையது. மணமகள், சமீபத்தில் காலமான ஒரு கம்பெனிப் பெரிய அதிகாரியின் மனைவி. சொத்தும் வந்தது, தொடர்புகளும் வந்தன. லிங்க்டுஇன் இல்லாத காலத்தில் மனிதர்கள் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது!

1687-இல் யேல் கவர்னரே ஆனார். கம்பெனிக் கணக்கும் சொந்தக் கணக்கும் ஒன்றோடொன்று ரொம்ப அந்நியோன்யமாகிவிட்டன என்று புகார் கிளம்பி, 1692-இல் பதவி போனது. சேர்த்த சொத்தோடு இங்கிலாந்து போனவரிடம் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்காக நன்கொடை கேட்டு வந்தார்கள். 417 புத்தகங்கள், ஒன்பது பொதி சரக்கு, கூடவே ராஜா படம் ஒன்று அனுப்பினார். சரக்கு 562 பவுண்டுக்குப் போயிற்று. 1718-இல் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். மதராஸில் வேலை போன ஒருவரின் பெயர் போட்ட சர்டிஃபிகேட்டுக்குத்தான் இன்றைக்கு உலகம் முழுக்கப் பிள்ளைகள் ராப்பகலாகப் படிக்கிறார்கள்.

எனக்கு எல்லாரையும்விடப் பிடித்த நியமனம் தாமஸ் பிட். இவர் கம்பெனி ஆளே இல்லை. கம்பெனியின் ஏகபோக உரிமையை மதிக்காமல் வங்காளத்தில் திருட்டு வியாபாரம் செய்தவர். கம்பெனி துரத்தியது, கேஸ் போட்டது, 1000 பவுண்டு அபராதம் என்று தீர்ப்பு வாங்கியது. பிறகு அதை 400 ஆகக் குறைத்தார்கள். மனிதர் அசரவில்லை; மறுபடி வியாபாரம். கடைசியில் கம்பெனி யோசித்தது. இவனைப் பிடிக்கவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. அப்படியானால் ஒரே வழிதான் இருக்கிறது. மதராஸுக்குக் கவர்னராகப் போட்டுவிட்டார்கள்! 1698-இல் பதவியேற்று 1709 வரை உட்கார்ந்திருந்தார்.

திருடனைப் பிடித்துக் காவல்காரன் ஆக்கியதில் கம்பெனிக்கு நஷ்டமில்லை. நல்ல நிர்வாகி என்றுதான் பெயர் வாங்கினார். ஆனால் பழக்கம் விடுமா? 410 காரட் வைரம் ஒன்றை 48,000 பகோடா பொற்காசுக்கு வாங்கி, மகன் கையில் லண்டனுக்கு அனுப்பினார். மகனின் பூட்ஸ் குதிகாலில் ஒளித்து அனுப்பினார் என்பார்கள். 1717-இல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளர் அதை 135,000 பவுண்டுக்கு வாங்கினார். பட்டை தீட்டிய கல் இன்று பாரிஸ் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. பிட் குடும்பத்தில் பேரன் ஒருவரும் கொள்ளுப்பேரன் ஒருவரும் இங்கிலாந்தின் பிரதம மந்திரிகள் ஆனார்கள். திருட்டு வியாபாரியின் வம்சம் என்று யாரும் இப்போது சொல்வதில்லை.

மூன்லைட்டிங் என்று நம் ஐ.டி. கம்பெனிகள் அலறுகின்றனவே, அவர்கள் பால் பென்ஃபீல்டைப் பார்த்ததில்லை. கட்டட இன்ஜினீயராக மதராஸில் வேலைக்குச் சேர்ந்தவர். வருஷச் சம்பளம் சில நூறு பவுண்டு. 1776-இல் ஆற்காட்டு நவாபும் மற்றவர்களும் எனக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் தரவேண்டும் என்று கணக்கு நீட்டினார். கவர்னர் பிகட் பிரபு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அவ்வளவுதான், கவுன்சில் மெம்பர்கள் கவர்னரையே கைது பண்ணிவிட்டார்கள்! 1777-இல் காவலிலேயே அவர் செத்துப்போனார். அந்த பிகட்டும் ஒரு காலத்தில் ரைட்டராகச் சேர்ந்தவர்தான்.

லண்டன் தலைமை அலுவலகத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1792-இல் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தார் கட்டுரையாளர் சார்லஸ் லாம். முதல் மூன்று வருஷம் சம்பளமே கிடையாது. கொஞ்சம் அன்பளிப்பு மட்டும். அன்பெய்ட் இன்டர்ன்ஷிப்பைக் கண்டுபிடித்தது ஏதோ ஸ்டார்ட்டப் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் தினமும் லேட்டாக வருகிறாய் என்று கேட்டதற்கு, அதை ஈடுகட்டத்தான் சீக்கிரம் போய்விடுகிறேனே என்று அவர் சொன்னதாக ஒரு கதை. சம்பளம் தராதவன் டைம் கேட்டால் இப்படித்தான்.

ஜேம்ஸ் மில் கதை இன்னும் விசேஷம். இந்தியாவுக்கு வந்ததில்லை. இந்திய பாஷை ஒன்றும் தெரியாது. அந்தத் தைரியத்தில் 1817-இல் இந்திய வரலாற்றை எழுதி வெளியிட்டார். நேரில் பார்க்காதது ஒரு அனுகூலம்தான், அப்போதுதான் நடுநிலையாக எழுத முடியும் என்று முன்னுரையில் வாதம் வேறு! கம்பெனி இந்தப் புத்தகத்தைப் பார்த்து அசந்துபோய் 1819-இல் வேலை கொடுத்தது. 1823-இல் அவர் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில், பதினேழு வயதில், அப்பாவின் செக்‌ஷனிலேயே வந்து உட்கார்ந்தார். தனிமனித சுதந்திரத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்த மேதைதான். சொந்த வேலை மட்டும் அப்பா ரெஃபரல்.

பயிற்சி என்று ஒன்று வேண்டும் என்ற ஞானோதயம் 1800-இல் வந்தது. வெல்லஸ்லி பிரபு கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் தடபுடலாகத் திறந்தார். டைரக்டர்களைக் கேட்டாரா? கேட்கவில்லை. பில் வந்தபோதுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. மூடு கடையை என்று கத்தினார்கள். அப்புறம், நாங்களே நடத்தினால் சரியாக இருக்கும் என்று 1806-இல் இங்கிலாந்திலேயே ஒரு கல்லூரி ஆரம்பித்தார்கள். அதுதான் ஹெய்லிபரி. மக்கள்தொகைப் புகழ் மால்தஸ்தான் அங்கே பொருளாதாரப் பேராசிரியர். பையன்கள் அவரை 'பாப்' என்று கூப்பிட்டார்கள். கலாட்டா செய்தார்கள், கலவரமே செய்தார்கள். மால்தஸ் கல்லூரிக்காக வக்காலத்து வாங்கித் துண்டுப் பிரசுரம் எழுத வேண்டியதாயிற்று. ஜனங்கள் அதிகமாகிவிட்டால் ஆபத்து என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது அவர் வகுப்பைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

மதராஸில் 1812-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. திருக்குறளில் தோய்ந்த எல்லிஸ் துரை இதன் சூத்திரதாரி. முத்துசாமிப் பிள்ளை, தாண்டவராய முதலியார் போன்ற மகா வித்வான்கள் சம்பந்தப்பட்ட இடம். மாணவர்கள் யார்? டைரக்டர் மாமாக்களின் மருமான்கள். தொல்காப்பியம் கரைத்துக் குடித்தவர்கள், 'ழ' வராத பதினெட்டு வயசுகளுக்கு முன்னால் உட்கார்ந்து 'வாழைப்பழம்' சொல்லிக்கொடுத்த காட்சியைக் கொஞ்சம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். பாஷையில் நல்ல தேர்ச்சி பெற்றால் ரொக்கப் பரிசும் உண்டு. பரிசு மாணவனுக்கு.

அந்தக் கல்லூரி பின்னாளில் நடந்த இடம்தான் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில், டி.பி.ஐ. என்று அழைக்கப்பட்டுவந்த கல்வித்துறை வளாகம். ஆசிரியர் தேர்வு வாரியமும் அங்கேதான் இயங்கிக்கொண்டிருக்கிறது. ரிசல்ட் எப்போது, கவுன்சலிங் எப்போது என்று நம் வாத்தியார்கள் அந்த கேட்டுக்கு வெளியே காத்துக்கிடக்கிறார்களே, அந்த மண்ணில் ஒரு காலத்தில் வேலை முதலில் கிடைத்துவிடும், படிப்புதான் அப்புறம்.

தமிழ் படிக்க அந்தத் துரைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பாடப் புத்தகத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த பெஞ்சமின் பாபிங்டன் 1822-இல் தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல் எல்லாம் சேர்த்து லண்டனில் ஒன்று வெளியிட்டார். எது? வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை! மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சிஷ்யர்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்ப்பார்கள். கரையேறியதும் தலையை எண்ணுவார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். நாடாள வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இன்டக்‌ஷன் மேனுவலை நானே யோசித்தாலும் எழுத முடியாது. பாபிங்டனே வேலையை விட்டுவிட்டு டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டார். தொண்டைக்குள் பார்க்கும் கருவி ஒன்றை உருவாக்கிப் பேரும் வாங்கினார்.

கோட் ஆஃப் காண்டக்ட் என்று வருஷா வருஷம் ஒரு டாக்குமென்ட் வருமே, படிக்காமல் 'ஐ அக்ரீ' தட்டுவோமே, அந்தச் சடங்கும் கம்பெனியில் இருந்தது. பிளாசிப் போருக்குப் பிறகு நவாபுகளிடம் பரிசு வாங்கும் வழக்கம் தலைவிரித்தாடியதால், இனிமேல் 4000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பரிசையும் டைரக்டர்கள் அனுமதி இல்லாமல் வாங்கமாட்டேன் என்று ஊழியர்கள் கையெழுத்துப் போடவேண்டும் என லண்டன் உத்தரவிட்டது. 1765 ஜனவரியில் ஒப்பந்தங்கள் கல்கத்தாவுக்கு வந்துசேர்ந்தன. கவுன்சில் பெரியவர்கள் பயபக்தியோடு வாங்கி, மேஜை மேல் ஓரமாக வைத்தார்கள்.

அடுத்த மாதமே வங்காள நவாப் மீர் ஜாபர் காலமானார். மகனைப் பட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். உட்காரவைத்தார்கள். அதற்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் பரிசு வாங்கித் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கையெழுத்துதான் இன்னும் போடவில்லையே! சட்டப்படி சுத்தம்.

இந்த அக்கிரமத்தைத் தட்டிக்கேட்க லண்டன் ஒரு நேர்மையாளரைத் தேடிப் பிடித்து அனுப்பியது. மே மாதம் அவர் வந்து இறங்கினார். பரிசு வாங்குவதா, என்ன அநியாயம் என்று கொதித்தார். எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். அவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பிளாசி முடிந்த கையோடு அதே மீர் ஜாபரிடம் 234,000 பவுண்டு வாங்கியிருந்த ராபர்ட் கிளைவ் பிரபு. வரிசையில் நின்றவர்கள் அவர் முகத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் எல்லாம் சரிசெய்யப்பட்டது. 1853 சட்டம் டைரக்டர் மாமாக்களின் லட்டுக் கூடையைப் பிடுங்கியது. மெக்காலே தலைமையில் கமிட்டி போட்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம், மார்க் வாங்கினவனுக்கு வேலை என்று 1855-இல் முதல் போட்டித் தேர்வு நடந்தது. இரண்டரை நூற்றாண்டு கழித்து, கம்பெனி முதன்முதலாகப் படித்த பிள்ளைகளைப் பார்த்து எடுத்தது. அந்தப் பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு இந்தியாவுக்கு வந்து, பாஷை கற்று, பல்லக்குப் பிடித்து, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதற்குள் 1857 வந்துவிட்டது. அடுத்த வருஷம் விக்டோரியா ராணி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். ஹெய்லிபரிக் கல்லூரியும் 1858-இல் பூட்டப்பட்டது.

ஹிக்கியை மூன்று கிழவர்கள் இன்டர்வியூ செய்த லெடன்ஹால் தெருக் கட்டடத்தை 1861-இல் இடித்தார்கள். அதே இடத்தில் இப்போது பளபளவென்று லாயிட்ஸ் கட்டடம் நிற்கிறது. இன்ஷூரன்ஸ் வியாபாரம். சேருவதற்கு எத்தனை ரவுண்டு இன்டர்வியூ என்று விசாரித்துச் சொல்ல அங்கே எனக்கு மாமா யாரும் இல்லை.